எக்கோஸ்போர்ட்: கார் பிரியர்கள் கொண்டாடிய கார், மறைமலை நகரில் நின்றுபோனது ஏன்? புதுசா கார் வாங்குறவங்களுக்கு அது சொல்லும் பாடம் என்ன?

தாம்பரத்தில் இருந்து கூடுவாஞ்சேரி பக்கம் ஜிஎஸ்டி சாலையில் போனால், பின்கதவில் ஸ்டெப்னி தொங்க, கொஞ்சம் உயரமாக நிற்கும் ஒரு குட்டிக் கார் இன்னைக்கும் கண்ணில் படும். டிஎன் 11, டிஎன் 19, டிஎன் 22 என்று நம்ம ஏரியா நம்பர் பிளேட்டுகளோடு ஓடும் அந்த கார்தான் ஃபோர்டு எக்கோஸ்போர்ட்.

இந்த காருக்கு ஒரு தனிக்கதை இருக்கு. வந்த நாளில் கார் பிரியர்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய கார் இது. நம்ம ஊர் பக்கத்திலேயே, மறைமலை நகரில் தயாராகி, ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பலில் போன கார். அப்படியிருந்தும் அதைத் தயாரித்த நிறுவனம் இந்தியாவில் கார் உற்பத்தியையே நிறுத்திவிட்டுப் போனது.

இன்னைக்கு ஷோரூமுக்குப் போனால் இதே அளவில் டஜன் கணக்கில் கிராஸ்ஓவர்கள் நிற்கின்றன. 'கார் தெரிஞ்சவங்க நல்லா இருக்குன்னு சொல்றாங்க, வாங்கலாமா?' என்பதுதான் பலருடைய கேள்வி. அதுக்கு பதில் தேட, எக்கோஸ்போர்ட் கதையைவிட நல்ல உதாரணம் கிடையாது. வாங்க, ஒவ்வொண்ணா பார்ப்போம்.

எக்கோஸ்போர்ட் எங்கே பிறந்தது?

முதல் தலைமுறை எக்கோஸ்போர்ட் 2003-ல் பிரேசிலில் அறிமுகமானது. அது இந்தியாவுக்கு வரவில்லை. இரண்டாம் தலைமுறை மாடலை 2012 ஜனவரியில் டெல்லி ஆட்டோ எக்ஸ்போவில் ஃபோர்டு காட்டியது. ஒன்றரை வருடம் கழித்து, 2013 ஜூன் 26-ம் தேதி, இந்தியாவில் விற்பனை தொடங்கியது.

ஆரம்ப விலை 5.59 லட்சம் ரூபாய், டெல்லி எக்ஸ் ஷோரூம் கணக்கில். அந்த விலைக்கு அப்படி ஒரு காரை யாரும் எதிர்பார்க்கவில்லை. 17 நாளில் 30,000 புக்கிங் என்று நிறுவனமே அறிவித்தது. வாங்க நினைத்தவர்கள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள்.

தயாரித்த இடம் மறைமலை நகர். தாம்பரத்தில் இருந்து சுமார் 20 கிலோமீட்டர். மஹிந்திராவுடன் கூட்டு சேர்ந்து 1995-ல் இந்தியாவுக்குள் வந்த ஃபோர்டு, 1999-ல் ஐகான் காரை இங்கே இருந்துதான் வெளியிட்டது. பிறகு ஃபியெஸ்டா, ஃபிகோ. அந்த வரிசையில் இந்த ஆலைக்கு உலக அளவில் பெயர் வாங்கித் தந்தது எக்கோஸ்போர்ட்தான். ஆலையின் திறன் வருடத்துக்கு 2 லட்சம் கார்கள், 3.4 லட்சம் இன்ஜின்கள்.

கிராஸ்ஓவர்னா என்ன? அதுவும் எஸ்யூவிதானே?

பார்க்க ஒரே மாதிரி இருக்கும். அடியில் உள்ள அமைப்புதான் வேற.

பழைய பொலிரோ, ஸ்கார்ப்பியோ மாதிரி வண்டிகளில் லாரி போல கீழே ஒரு கனமான இரும்புச் சட்டம் இருக்கும். அதன் மேல் உடல் பகுதியை உட்கார வைப்பார்கள். கரடுமுரடான பாதைக்கு அது உறுதி. ஆனால் எடை அதிகம், வளைவில் ஆட்டம் அதிகம்.

கிராஸ்ஓவரில் அந்தத் தனிச் சட்டம் கிடையாது. சாதாரண கார் போலவே உடலும் அடித்தளமும் ஒன்றாக வெல்டிங் செய்யப்பட்டிருக்கும். உயரத்தை மட்டும் கூட்டியிருப்பார்கள். எக்கோஸ்போர்ட், ஃபியெஸ்டா காரின் அடித்தளத்தில் உருவானது. அதனால் உட்காரும் உயரம் ஜீப் மாதிரியும், ஓட்டும் உணர்வு கார் மாதிரியும் இருந்தது. தரையில் இருந்து 200 மில்லிமீட்டர் கிரவுண்ட் கிளியரன்ஸ். நம்ம புறநகர் தெருக்களின் ஸ்பீடு பிரேக்கருக்கு அடி தட்டாமல் ஏறி இறங்க இது போதும்.

ஏன் எல்லா கம்பெனியும் 4 மீட்டருக்குள்ளேயே கார் செய்கிறார்கள்?

இதுக்கு காரணம் வரி. 2006 பட்ஜெட்டில் அப்போதைய நிதியமைச்சர் ப.சிதம்பரம் சிறிய கார்களுக்கான உற்பத்தி வரியை 24 சதவீதத்தில் இருந்து 16 சதவீதமாகக் குறைத்தார். 'சிறிய கார்' என்றால் நீளம் 4,000 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. இன்ஜின், பெட்ரோல் என்றால் 1,200 சிசிக்குள், டீசல் என்றால் 1,500 சிசிக்குள் இருக்க வேண்டும்.

எக்கோஸ்போர்ட் வந்த 2013-ல் சிறிய காருக்கு வரி 12 சதவீதம். பெரிய கார்களுக்கு 24 முதல் 30 சதவீதம் வரை. இப்போ புரியுதா, இந்தியாவில் எக்கோஸ்போர்ட்டின் நீளம் சரியாக 3,999 மில்லிமீட்டர் ஆனது ஏன் என்று?

இதில் ஒரு நுணுக்கம். எக்கோஸ்போர்ட் மூன்று இன்ஜின்களோடு வந்தது. 1.0 லிட்டர் டர்போ பெட்ரோலும், 1.5 லிட்டர் டீசலும் சலுகைக்குள் வந்தன. ஆனால் 1.5 லிட்டர் பெட்ரோல் 1,200 சிசியைத் தாண்டியதால், கார் நீளம் 4 மீட்டருக்குள் இருந்தும் அதுக்கு மட்டும் கூடுதல் வரி. இந்தக் கணக்கு பின்னாளில் ஃபோர்டுக்குத் தலைவலி ஆனது.

2017-ல் ஜிஎஸ்டி வந்தபோதும் இந்த 4 மீட்டர் கோடு மாறவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு 18 சதவீதம், மற்றவற்றுக்கு 40 சதவீதம் என்று ஆன பிறகும் அதே அளவுகோல்தான். ஜிஎஸ்டி சாலையில் ஓடும் காரின் நீளத்தையே ஜிஎஸ்டி வரிதான் தீர்மானிக்குது என்று சொன்னால் தப்பில்லை.

கார் பிரியர்கள் எதைப் பாராட்டினார்கள்?

ஓட்டிப் பார்த்தவர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன விஷயங்கள் இவை:

• ஸ்டீயரிங்: நகரத்துக்குள் லேசாகச் சுற்றும், வேகம் கூடும்போது கைக்குக் கனமாக நிற்கும். உயரமான காரில் இந்த நம்பிக்கை அப்போது புதுசு.

• சாலைப் பிடிப்பு: செங்கல்பட்டு தாண்டி நெடுஞ்சாலையில் 100-ல் போகும்போதும் கார் அலையாது. வளைவில் உடல் ஒரு பக்கம் சாய்வது குறைவு.

• சஸ்பென்ஷன்: குழியில் இறங்கினாலும் 'டம்' என்ற அதிர்ச்சி உள்ளே வராது. கொஞ்சம் இறுக்கம், ஆனால் முதுகை வாங்காது.

• 1.0 லிட்டர் டர்போ இன்ஜின்: மூன்று சிலிண்டர்தான். ஆனால் 125 பிஎஸ் சக்தி. 'ஒரு லிட்டர் இன்ஜின் இவ்வளவு பெரிய காரை இழுக்குமா?' என்று கேட்டவர்களுக்கு ஓட்டிப் பார்த்ததும் பதில் கிடைத்தது. சின்ன டர்போ இன்ஜின்கள் இந்தியாவில் சகஜமாவதற்கு முந்தைய காலம் அது.

• டீசல்: நிறுவனம் சொன்ன மைலேஜ் லிட்டருக்கு 22.7 கிலோமீட்டர். தினமும் நீண்ட தூரம் போகிறவர்கள் இதையே எடுத்தார்கள்.

• பாதுகாப்பு: உயர் ரக மாடலில் 2013-லேயே 6 ஏர்பேக்குகள். அந்த விலைக்கு அன்று இது பெரிய விஷயம்.

இன்னொன்று, தண்ணீர். 550 மில்லிமீட்டர் ஆழம் வரை தண்ணீரில் போகலாம் என்று ஃபோர்டு விளம்பரம் செய்தது. மழைக்காலத்தில் முடிச்சூர், வரதராஜபுரம், வேளச்சேரி பக்கம் இருப்பவர்களுக்கு இந்த ஒரு வரி போதாதா? இதைப் பற்றி கீழே தனியாகப் பார்ப்போம்.

அவர்களே எதைக் குறை சொன்னார்கள்?

பிரியர்கள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு பாராட்டுகிறவர்கள் இல்லை. இந்த காரின் குறைகளையும் முதலில் சொன்னது அவர்கள்தான்.

• பின்சீட்டில் மூன்று பெரியவர்கள் தோளோடு தோள் இடிக்காமல் உட்கார முடியாது.

• டிரைவர் முன்னால் கண்ணாடியின் ஓரத்தில் உள்ள தூண் தடிமனானது. திருப்பத்தில் எதிரே வரும் டூ வீலர் அதன் பின்னால் மறைந்துவிடும்.

• பின்கதவு மேலே தூக்குவதற்குப் பதில் பக்கவாட்டில் திறக்கும். பின்னால் இன்னொரு கார் ஒட்டி நின்றால் டிக்கியைத் திறக்கவே முடியாது. தெருவோரம் பார்க்கிங் செய்யும் ஊரில் இது தினசரி தொல்லை.

• டேஷ்போர்டு பிளாஸ்டிக் கடினம். பட்டன்கள் அதிகம்.

• 1.0 டர்போவுக்கு சொன்ன மைலேஜ் 18.9. குரோம்பேட்டை நெரிசலில் ஊர்ந்தால் அது எங்கேயோ இறங்கிவிடும். டர்போ இன்ஜினில் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிற அளவுக்கு பெட்ரோல் குடிக்கும் என்பதை பலர் வாங்கிய பிறகுதான் தெரிந்துகொண்டார்கள்.

பிரியர் பார்வையும் குடும்பப் பார்வையும் எங்கே பிரிகிறது?

இங்கதான் விஷயமே இருக்கு.

கார் பிரியர் ஒரு காரை டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பார்க்கிறார். ஆனால் காரை வாங்குவது பெரும்பாலும் ஒரு குடும்பம். அங்கே பின்சீட்டில் உட்காரும் அம்மாவுக்கும் ஓட்டு உண்டு. ஏற இறங்க சுலபமா, ஏசி பின்னால் வருதா, கல்யாணத்துக்குப் போனால் டிக்கியில் பெட்டி நிற்குமா, லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும், பக்கத்தில் சர்வீஸ் சென்டர் இருக்கா, ஐந்து வருடம் கழித்து விற்றால் எவ்வளவு தேறும் என்று ஆறு கேள்வி இருக்கும். அந்த ஆறில் ஸ்டீயரிங் வராது.

இரண்டு பேரும் சொல்வது சரிதான். ஆனால் இரண்டு பேரும் பார்ப்பது வேறு வேறு காரை.

எக்கோஸ்போர்ட் முதல் பார்வையில் முழு மதிப்பெண் வாங்கியது. இரண்டாவது பார்வையில் சுமார். போட்டி இல்லாத வரை அது பிரச்சினையாகவே தெரியவில்லை.

போட்டி வந்ததும் என்ன ஆச்சு?

2016 மார்ச்சில் மாருதி, விட்டாரா பிரெஸ்ஸாவைக் கொண்டு வந்தது. ஓட்டுவதில் எக்கோஸ்போர்ட்டின் சுகம் அதில் இல்லை என்பதே பல பிரியர்களின் தீர்ப்பு. ஆனால் மைலேஜ், தெருவுக்குத் தெரு சர்வீஸ், ரீசேல் என்று குடும்பம் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் அதனிடம் பதில் இருந்தது.

2017-ல் டாடா நெக்ஸான் வந்தது. 2018 டிசம்பரில் குளோபல் என்சிஏபி மோதல் சோதனையில் 5 நட்சத்திரம் வாங்கிய முதல் இந்திய கார் என்ற பெயரையும் எடுத்தது. 2019-ல் ஹூண்டாய் வென்யூ, 2020-ல் கியா சோனெட். தொடுதிரை, சன்ரூஃப், போனில் இருந்தே காரை இயக்கும் வசதி என்று ஷோரூமில் கண்ணைப் பறிக்கும் பட்டியல் நீண்டது.

ஃபோர்டும் சும்மா இருக்கவில்லை. 2017 நவம்பரில் புதிய 1.5 லிட்டர் மூன்று சிலிண்டர் பெட்ரோல் இன்ஜினோடு மேம்படுத்திய எக்கோஸ்போர்ட்டை வெளியிட்டது. 123 பிஎஸ் சக்தி, நல்ல ஆட்டோமேட்டிக் கியர். ஆனால் நெக்ஸானும் வென்யூவும் 1.2 லிட்டர் பெட்ரோலோடு வந்து சிறிய கார் வரிச் சலுகையை எடுத்துக்கொண்டன. எக்கோஸ்போர்ட் பெட்ரோலுக்கு அது கிடைக்கவில்லை. அடிப்படை வடிவமும் 2012-ல் பார்த்த அதே வடிவம்தான். எட்டு, ஒன்பது வருடம் ஒரே உடலோடு ஒரு கார் தாக்குப்பிடிப்பது இந்தச் சந்தையில் கஷ்டம்.

அப்போ கார் சரியில்லாததால்தான் ஃபோர்டு கிளம்பியதா?

இல்லை. ஒரு காரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

ஃபோர்டு 2015-ல் குஜராத்தின் சனந்தில் இரண்டாவது பெரிய ஆலையைத் திறந்தது. விற்பனையோ அந்த அளவுக்கு வளரவில்லை. இரண்டு ஆலைகளின் திறனில் பெரும்பகுதி சும்மா கிடந்தது. சந்தையில் பங்கு 2 சதவீதத்துக்கும் கீழே. அடுத்தடுத்து புதிய மாடல்களும் வரவில்லை. 2019 அக்டோபரில் மஹிந்திராவோடு மறுபடியும் கூட்டு என்று அறிவித்தார்கள். 2020 டிசம்பர் 31-ல் அதுவும் ரத்தானது.

2021 செப்டம்பர் 9, விநாயகர் சதுர்த்திக்கு முந்தின நாள். இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப் போவதாக ஃபோர்டு அறிவித்தது. பத்து ஆண்டுகளில் சேர்ந்த செயல்பாட்டு நஷ்டம் 200 கோடி டாலருக்கு மேல் என்று காரணம் சொன்னது.

இது இந்தியாவில் மட்டும் நடந்ததும் இல்லை. எக்கோஸ்போர்ட் பிறந்த பிரேசிலிலேயே, அதே ஆண்டு ஜனவரியில் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. எக்கோஸ்போர்ட் தயாரான கமாசாரி ஆலை பிறகு சீனாவின் பிஒய்டி நிறுவனத்தின் கைக்குப் போனது. சின்ன கார்களில் லாபம் குறைவு, பெரிய எஸ்யூவி, பிக்கப் வண்டிகளில்தான் பணம் என்று நிறுவனம் உலக அளவில் எடுத்த முடிவு அது. மறைமலை நகர் அதில் ஒரு பகுதி.

ஆலையில் வேலை பார்த்தவர்கள்?

உற்பத்தி நிறுத்த அறிவிப்பால் நாடு முழுக்க சுமார் 4,000 பேரின் வேலை பாதிக்கப்படும் என்று நிறுவனமே சொன்னது. இது நேரடி ஊழியர்கள் கணக்கு. உதிரிபாகம் செய்து கொடுத்த சிறிய நிறுவனங்கள், வேன் டிரைவர்கள், கேன்டீன், ஆலையைச் சுற்றி வாடகைக்கு வீடு விட்டவர்கள் எல்லாம் இதுக்கு வெளியே.

ஏற்றுமதி ஆர்டர்கள் மிச்சம் இருந்ததால் மறைமலை நகரில் 2022 நடுப்பகுதி வரை எக்கோஸ்போர்ட் தயாரானது. அதே மே, ஜூன் மாதங்களில் கூடுதல் இழப்பீடு கேட்டு தொழிலாளர்கள் ஆலைக்குள்ளேயே போராட்டம் நடத்தினார்கள். சனந்த் ஆலையை டாடா வாங்கியது. மறைமலை நகர் ஆலை விற்கப்படாமல் கதவு மூடியே கிடந்தது.

'சூப்பர் கார்' என்று ஊரே பாராட்டிய காரைத் தன் கையால் பூட்டியவர்களுக்கு அந்தப் பாராட்டு வேலையைக் காப்பாற்றித் தரவில்லை. இந்தக் கதையில் வலிக்கிற இடம் இதுதான்.

இப்போ எக்கோஸ்போர்ட் வச்சிருக்கவங்க நிலைமை என்ன?

உற்பத்தி நின்றாலும் சர்வீஸ், உதிரிபாகம், வாரன்டி தொடரும் என்று ஃபோர்டு அப்போதே உறுதி சொன்னது. ஆனாலும் முன்பு போல ஷோரூம்கள் கிடையாது. புதுக் கார் விற்காத இடத்தில் சர்வீஸ் மட்டும் நடத்துவது டீலருக்கு லாபம் குறைந்த வேலை.

பழைய எக்கோஸ்போர்ட் வாங்க நினைப்பவர்கள் பார்க்க வேண்டியவை:

• பாகங்கள்: ஆயில் ஃபில்டர், பிரேக் பேட் போன்றவை சுலபம். பம்பர், ஹெட்லைட், எலக்ட்ரானிக் யூனிட் போன்றவைக்கு முன்கூட்டியே விசாரிக்கணும். சின்ன மோதலுக்குக் கூட வண்டி வாரக்கணக்கில் ஷெட்டில் நிற்கலாம்.

• எந்த இன்ஜின்: தினசரி ஓட்டம் அதிகம் என்றால் டீசல். 1.0 டர்போ என்றால் சர்வீஸ் ரெக்கார்டு முழுசா இருந்தால் மட்டும்.

• ஆட்டோமேட்டிக்: 2013 மாடல்களில் வந்தது இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ். பழுது வந்தால் செலவு அதிகம். 2017-க்குப் பிறகு வந்த டார்க் கன்வெர்ட்டர் வகை நிம்மதியானது.

• ஆர்சி: சொந்தக் காரின் பதிவு 15 வருடம். 2013-ல் பதிவான முதல் வண்டிகளுக்கு 2028-ல் தகுதிச் சோதனை செய்து புதுப்பிக்க வேண்டும். விலை பேசும்போது இதை மறக்க வேண்டாம்.

• வெள்ளம்: 2015 டிசம்பர் வெள்ளம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் இரண்டையும் பார்த்த ஏரியா நம்முடையது. சீட் பெல்ட்டை முழுசா இழுத்துப் பாருங்கள். கடைசி முனையில் சேற்றுக் கறை இருந்தால் வண்டி தண்ணீரில் நின்றிருக்க வாய்ப்பு அதிகம். கால் மிதியடிக்குக் கீழே துரு, ஈர வாடை இருக்கா என்றும் பாருங்கள்.

550 மில்லிமீட்டர் தண்ணீரில் ஓட்டலாம்னு சொன்னாங்களே?

ஜாக்கிரதை. இது எந்த கிராஸ்ஓவருக்கும் பொருந்தும். நிறுவனம் சொல்லும் அளவு, ஓடாத தண்ணீரில், சமமான தரையில், மெதுவாகப் போனால் என்ற கணக்கு. நம்ம தெருவில் தண்ணீருக்கு அடியில் குழி இருக்கா, மூடி திறந்த வடிகால் இருக்கா என்று யாருக்கும் தெரியாது. எதிரே ஒரு பஸ் வந்தால் அலை எழும். காற்று உள்ளே போகும் குழாய் வழியாக இன்ஜினுக்குள் தண்ணீர் போய்விட்டால் கதை முடிந்தது.

தண்ணீரில் வண்டி ஆஃப் ஆகிவிட்டால் மறுபடியும் ஸ்டார்ட் செய்யவே கூடாது. காற்றைப் போல தண்ணீரை அழுத்த முடியாது. பிஸ்டன் அதன் மேல் மோதி உள்ளே உள்ள கம்பி வளைந்துவிடும். தள்ளிக்கொண்டு போய் மெக்கானிக்கிடம் விடுவதுதான் ஒரே வழி. சாதாரண காப்பீட்டில் இந்தச் சேதத்துக்குப் பொதுவாகப் பணம் வராது. 'இன்ஜின் புரொடெக்ட்' என்ற கூடுதல் பாதுகாப்பை வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, புதிய கிராஸ்ஓவர் வாங்க பிரியர்கள் பேச்சைக் கேட்கலாமா?

கேட்கலாம். ஆனால் பிரித்துக் கேட்கணும்.

நம்ம பக்கத்திலேயே ஒரகடத்தில் தயாராகும் நிஸான் மேக்னைட்டும் ரெனோ கைகரும் இதே 4 மீட்டர் வகைதான். இரண்டிலும் 1.0 லிட்டர் மூன்று சிலிண்டர் பெட்ரோல், டர்போ வைத்தும் இல்லாமலும். எக்கோஸ்போர்ட் காலத்தில் ஆச்சரியமாகப் பார்த்த அமைப்பு இன்று சர்வசாதாரணம். இவற்றுக்கும் மற்ற எந்தப் புது மாடலுக்கும் கீழே உள்ள கணக்கு பொருந்தும்.

பிரியர்கள் சொன்னால் நம்பலாம்: பிரேக் பிடிக்கும் விதம், நெடுஞ்சாலையில் நிலையாகப் போவது, சஸ்பென்ஷன், இன்ஜின் அதிர்வு, கியர் மாறும் வேகம். இவை பத்து கார் ஓட்டியவருக்குத்தான் தெரியும். உயிரோடு சம்பந்தப்பட்ட விஷயமும் கூட.

நீங்களே பார்க்க வேண்டியது: பின்சீட், டிக்கி, ஏறி இறங்கும் உயரம், உங்கள் வீட்டு கேட்டும் பார்க்கிங்கும். டெஸ்ட் டிரைவுக்கு வீட்டில் உள்ள எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போங்க. காலியான சாலையில் ஓட்டிப் பார்ப்பதைவிட, சாயங்காலம் ஆறு மணிக்கு பெருங்களத்தூர் நெரிசலில் ஓட்டிப் பாருங்கள். கிளட்ச்சை மிதித்து மிதித்து கால் வலிக்குதா, ஆட்டோமேட்டிக் என்றால் ஊர்ந்து போகும்போது குலுக்குதா என்று அப்போதான் தெரியும்.

விற்பனையாளரிடம் கேட்க வேண்டியது: ஆன்ரோடு விலை, ஐந்து வருட சர்வீஸ் செலவு, வாரன்டியை நீட்டிக்க எவ்வளவு, பக்கத்தில் எத்தனை சர்வீஸ் சென்டர். மோதல் சோதனை மதிப்பெண் இருக்கா என்பதும் முக்கியம். 2023 அக்டோபர் முதல் இந்தியாவுக்கென்றே பாரத் என்சிஏபி சோதனை நடக்கிறது.

யாரும் சொல்லாத கேள்வி: இந்த நிறுவனம் இங்கே எத்தனை மாடல் விற்கிறது? அடுத்தடுத்து புதுசு வருதா? ஒரே ஒரு காரை நம்பி நிற்கும் நிறுவனத்தின் காரை வாங்கினால், நாளைக்கு அந்த நிறுவனம் கிளம்பினால் ரீசேல் விலையில் அடி வாங்குவது நீங்கள்தான். எக்கோஸ்போர்ட் உரிமையாளர்கள் படித்த பாடம் இது.

மறைமலை நகர் ஆலை மறுபடியும் திறக்குமா?

2024 செப்டம்பரில் முதல்வர் மு.க.ஸ்டாலின் அமெரிக்கப் பயணத்தின்போது ஃபோர்டு நிறுவனத்தினரைச் சந்தித்தார். சில நாளிலேயே, ஏற்றுமதிக்கான உற்பத்திக்கு இந்த ஆலையைப் பயன்படுத்த விரும்புவதாக நிறுவனம் தமிழக அரசுக்குக் கடிதம் கொடுத்தது. 2025 அக்டோபர் 31-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. முதலீடு 3,250 கோடி ரூபாய். வருடத்துக்கு 2.35 லட்சம் இன்ஜின்கள். உற்பத்தி 2029-ல் தொடங்கும், 600 பேருக்கு மேல் வேலை கிடைக்கும் என்பது அறிவிப்பு.

கவனிங்க, வரப்போவது இன்ஜின்கள். அதுவும் ஏற்றுமதிக்கு. 'எக்கோஸ்போர்ட் திரும்ப வருது' என்று வாட்ஸ்அப்பில் வரும் தகவலை நம்பி பழைய காரை அதிக விலைக்கு வாங்கிவிடாதீர்கள். ஒப்பந்தத்தில் அப்படி எதுவும் அறிவிக்கப்படவில்லை.

சுருக்கமா சொன்னால்...

• எக்கோஸ்போர்ட் நல்ல கார் என்று பிரியர்கள் சொன்னதில் பொய் இல்லை. ஓட்டுவதில் அது இன்றும் மதிக்கப்படும் கார்.

• காரின் வெற்றியை ஓட்டும் சுகம் மட்டும் முடிவு செய்யாது. வரி, மைலேஜ், சர்வீஸ், புதுப் புது மாடல்கள் எல்லாம் சேர்ந்துதான் முடிவு செய்யும்.

• புதிய கிராஸ்ஓவர் வாங்கும்போது டிரைவர் சீட்டுக்கு பிரியர்களின் கருத்தையும், பின்சீட்டுக்கு உங்கள் வீட்டாரின் கருத்தையும் கேளுங்கள். நிறுவனம் பத்து வருடம் இருக்குமா என்பதையும் ஒரு நிமிடம் யோசியுங்கள்.

அடுத்த முறை ஜிஎஸ்டி சாலையில் ஸ்டெப்னி தொங்கும் அந்த குட்டிக் காரைப் பார்த்தால், அது நம்ம ஊர்க்காரர்கள் கையால் செய்து உலகத்துக்கு அனுப்பிய கார் என்பதையும் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க.